செவரல் என்றால் எத்தனை பேர்

செவரல். மூன்று இல்லை, மூன்று என்றால் கம்பெனிக்காரன் மூன்று என்றே எழுதியிருப்பான். இருபது இல்லை, இருபது என்றால் கிட்டத்தட்ட எல்லாரும் என்று எழுதி, தங்கள் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றி ரெண்டு வரி பீற்றியும் இருப்பான். அப்படியென்றால் நாலிலிருந்து பத்தொன்பது வரை எதுவும். காலை எட்டு பத்துக்குச் செய்தி வந்தது, இப்போது மணி பத்தே முக்கால், இத்தனை நேரமும் நான் இந்த ஒரு சொல்லின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். கப்பலில் தீ. வழியில் போன இன்னொரு கப்பல் செவரல் க்ரூ மெம்பர்ஸைக் காப்பாற்றியிருக்கிறது, அவர்கள் நலம். பெயர்ப் பட்டியல் பகல் பன்னிரண்டுக்குள் வரும். பொறுமை காக்கவும். மொத்தம் நாலு வரி. பொறுமை என்னிடம் எப்போது இருந்தது, இப்போது எடுத்துக் காக்க? கப்பலில் இருபத்திரண்டு பேர். அதில் ஒருத்தன் என் மகன் எட்ரிக், தேர்ட் இன்ஜினியர், இருபத்தாறு வயது, இடது புருவத்தில் தையல் தழும்பு, சுடுசோற்றில் தயிர் ஊற்றினால் எழுந்து போய்விடுவான். இன்னொருத்தன் பின்வீட்டு கஸ்பார், சமையல்காரன். தீ எங்கே பிடித்தது என்று எழுதவில்லை. இன்ஜின் அறையா, சமையல்கட்டா? கப்பலில் நெருப்பு இருக்கிற இடம் ரெண்டுதான், ரெண்டிலும் எங்கள் தெரு ஆள் நிற்கிறான். வேண்டாம், அங்கே போகாதே, நெத்திலியைப் பார். ஏழு மணிக்கு வாங்கியது, செய்திக்கு முந்தி, உலகம் வேறாக இருந்தபோது. ஒரு கூறு. கூறு என்றால் எத்தனை என்று எந்த மீன்காரியிடமும் யாரும் கேட்டதில்லை. குவித்ததுதான் கூறு, ஆனால் அது கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, கூடக் குறைய என்று சண்டை போடலாம். செவரல் அப்படிக் கிடக்கவில்லை. அதோடு சண்டை போட முடியவில்லை. இவரோடு, என் வீட்டுக்காரரோடு, போட்டேன். ஒன்பது மணிக்குத் துறைமுக ரோட்டு ஏஜென்ட் ஆபீசுக்குக் கிளம்பினவர் ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தார். "கல்யாணத்துக்கா போறீங்க?" என்று கத்தினேன். பயந்தால் அவருக்கு எதையாவது தேய்த்தாக வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன். பாதி பாலிஷோடு போய்விட்டார், ஒரு ஷூ மட்டும் மின்ன.

கத்தினதுகூடப் பரவாயில்லை. சொன்னதுதான். சகாயராணிக்கு நான் சொன்னது. கஸ்பாரின் பெண்டாட்டி. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கப்பலில். இங்கிலீஷில் எது வந்தாலும், ஒப்பந்தக் காகிதமோ டாக்டர் சீட்டோ, என் வீட்டு வாசலுக்குத்தான் வரும். கான்வென்ட் படிப்பு எனக்குத் தந்த உத்தியோகம் இது ஒன்று. படித்துச் சொல்வேன், கூடவே ரெண்டு திட்டும் கொடுப்பேன், கையெழுத்துப் போட்டுட்டு வந்து அர்த்தம் கேக்கிற, முந்தா நாளே வந்தா என்ன என்று. யாரும் கோபித்ததில்லை. ஹில்டாக்கா வாய் அப்படி, ஆனா சொன்னா அதுல ஒரு எழுத்துத் தப்பிருக்காது என்பார்கள். இப்போது இதை நினைக்கக்கூடாது. ராணி நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள், போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "என்னவோ தீன்னு மேலத்தெருவுல சொல்லுதாவ, வாசிங்கக்கா." வாசித்தேன். தீப்பிடிச்சிருக்கு. காப்பாத்தியிருக்காங்க. "எல்லாரையுமா?" செவரல் என்றேன். "அப்படின்னா?" அப்படின்னா. சில பேர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சி என்ற எழுத்து வருவதற்குள் அவள் கீழுதடு மடிந்துவிட்டது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. "பல பேருன்னு அர்த்தம். முக்கால்வாசிப் பேரு" என்றேன். முக்கால்வாசி! எங்கேயிருந்து வந்தது அது? செய்தியில் இல்லை, எந்த அகராதியிலும் இல்லை. அவளைத் தேற்றச் சொன்னேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம், சாமியாரும் தலையாட்டுவார். உண்மை வேறு. எனக்கு யாராவது அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது, சொல்ல ஆளில்லை, அதனால் அவள் காது வழியாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராணி அப்படியே தரையில் முட்டி போட்டுச் சிலுவை அடையாளம் போட்டாள். முக்கால்வாசி, முக்கால்வாசி என்று சொல்லிக்கொண்டே தெரு முழுக்கப் போனாள். இப்போது தெருமுனைக் கெபியில், அந்தச் சின்னக் குகைக் கோயிலில், மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுகிறாளாம். நீல மெழுகுதிரி. எங்கள் தெருவில் கேட்கிறதுக்கு வெள்ளை, கிடைத்ததற்கு நீலம். கிடைத்துவிட்டதாம் அவளுக்கு. நான் கொடுத்தேன்.

இருபத்திரண்டில் முக்கால்வாசி என்றால் பதினாறரை. அரை ஆள். தலையை ஆட்டினேன், போகவில்லை. கான்வென்ட்டில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த மதர் ஜெரால்டின் இருந்தால் கேட்டிருக்கலாம். வியாழக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில் முப்பது பெண்கள் தூங்கி வழிகிற நேரமாகப் பார்த்துத்தான் அவர் சொற்களைப் பிளந்து காட்டுவார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு, அப்பா யார், அம்மா யார், எந்த ஊரில் பிறந்தது, எல்லாம் இருக்கும் என்பார். செவரலுக்குத் தகப்பன் லத்தீன். பிரிந்து நிற்பது, தனியாக இருப்பது. செபரேட் என்கிற சொல்லுக்குக் கூடப்பிறந்தது. பிரெஞ்சுக்காரன் வீட்டில் கொஞ்ச காலம் வளர்ந்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்ததாம். வந்தபோது அதற்கு எண்ணிக்கையே கிடையாது. தனித்தனி என்று மட்டும்தான் அர்த்தம். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு பெயர், ஒருத்தன் வேலி போட்டு வளைத்துக்கொண்ட நிலத்துக்குச் செவரல் என்று பெயர். மீன்பிடிக்கிற உரிமை ஒருத்தனுக்கே சொந்தமான நீருக்கும் சட்டத்தில் இந்தச் சொல்தான் என்றார். கடைசி பெஞ்சிலிருந்து நான் எழுந்து, "மதர், எங்க கடலுக்கு யாரு வேலி போடுவா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. தூத்துக்குடிப் பிள்ளைகளிடம் வந்து தண்ணீருக்கு வேலி என்கிறாரே. மதருக்கு மூக்கு சிவந்தது, வெளியே நிற்க வைத்தார். அப்புறம்தான், நூறு வருஷம் கழித்து, தனித்தனியாய் நின்றதெல்லாம் மெல்ல மெல்ல எண்ணிக்கை ஆனது என்றார். ரெண்டுக்கு மேலே, மெனிக்குக் கீழே. ஜன்னல் வழியாக அது கேட்டது. நான் வெயிலில் நின்று வேப்பம்பழத்தை மிதித்துக்கொண்டிருந்தேன். நடுவில் எப்படி மாறியது, யார் மாற்றினார்கள் என்று அவர் சொன்னாரா, சொல்லும்போது நான் பழத்தைப் பார்த்தேனா? இன்றைக்கு அது வேண்டியிருக்கிறது. எதற்கு வேண்டியிருக்கிறது? தெரிந்தால் ஒரு ஆள் கூடுமா? கூடாது. ஆனாலும் அந்தப் பழைய அர்த்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வருகிறது. தனித்தனி. கடலில் குதித்தவர்கள் சேர்ந்து குதித்திருந்தாலும் அலை சேர்த்து வைக்காது. ஒருத்தன் இங்கே, ஒருத்தன் அங்கே, ஒருத்தன் குரல் இன்னொருத்தனுக்குக் கேட்காத தூரத்தில். இருட்டில். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில் சின்ன விளக்கு இருக்கும்மா, தண்ணி பட்டா தானா எரியும் என்று எட்ரிக் சொல்லியிருக்கிறான். நான் என்ன சொன்னேன்? "தண்ணி பட்டா எரியுமாம், இதுக்கு ஒரு இன்ஜினியர்" என்றேன். சிரித்தான். சிரித்தானா, இல்லை போனில் சத்தம் அப்படிக் கேட்டதா?

எண்ணவாவது செய்திருக்கலாம் அல்லவா. இதுதான் என்னைத் தின்கிறது. காப்பாற்றின கப்பலின் மேல்தளத்தில் வரிசையாக நிறுத்தி, ஒண்ணு ரெண்டு மூணு என்று விரல் நீட்டினால் அரை நிமிஷம். எண்ணவில்லை என்றால், நிறுத்தி வைக்கிற நிலைமையில் அவர்கள் இல்லை. அல்லது எண்ணிவிட்டார்கள், சொல்லத்தான் பயம். கம்பெனி ஆபீசில் ஒருத்தன், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, எண்ணை அடித்துவிட்டு அழித்திருப்பான். இந்த எண்ணைப் பார்த்தால் அம்மாமார் கத்துவார்கள், இங்கே செவரல் போடு என்று அவன் மேலாளர் சொல்லியிருப்பான். எண் சின்னதாக இருந்தால்தான் அதை மறைக்க வேண்டியிருக்கும். பெரிதாக இருந்தால் எதற்கு மறைப்பது? ஆனால் அப்போது ஃப்யூ என்று போட்டிருக்கலாமே. ஃப்யூ போடவில்லை, மெனியும் போடவில்லை. தமிழில் இந்தச் சங்கடம் இல்லை, சில அல்லது பல, ஒரு காலை இந்தப் பக்கம் வை, இல்லை அந்தப் பக்கம் வை. இந்த வெள்ளைக்காரன்தான் நடுவில் ஒரு திண்டாட்டத்தைக் கட்டி வைத்திருக்கிறான். நம் ஊரில் எண்ணாமல் சொன்னாலும் எண்ணை வைத்துத்தான் சொல்வோம். ரெண்டொருத்தர், அஞ்சாறு பேர், ஏழெட்டு, பத்துப் பன்னிரண்டு. மீன் ஏலத்தில்கூட ஒருத்தி ஏழெட்டு என்றால் ஒன்பதை எடுக்க மாட்டாள். செவரலுக்கு என்ன வைக்க? அஞ்சாறா? ஏழெட்டா? நாலு பேர் என்று வைத்துக்கொள்ளலாமா, நாம் எதற்கெடுத்தாலும் நாலு பேர்தானே, நாலு பேர் என்ன சொல்வாங்க, நாலு பேருக்கு முன்னால, நாலு பேர் வந்து தூக்க. இல்லை. இல்லை, அது இல்லை. நெத்திலி. தலையைக் கிள்ளு, குடலை இழு, சட்டியில் போடு.

விரல் தானாகவே செய்தது, நான் சொல்லவில்லை. கிள்ளின நெத்திலியைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. பார்த்தபோது பதினெட்டு. இன்னும் நாலு எடுத்து வைத்தேன். இருபத்திரண்டு. தலையில்லாமல். அய்யோ, தலையுள்ளதாக எடு என்று எல்லாவற்றையும் சட்டியில் தள்ளிவிட்டுப் புதிதாக இருபத்திரண்டு எண்ணி வைத்தேன், கண்ணோடு. பைத்தியம் பிடித்தவள் மாதிரி. பிடித்தால்தான் என்ன, வீட்டில் யார் இருக்கிறார்கள். இதில் செவரல் எடு என்றால் எத்தனை எடுப்பேன்? மூன்றைத் தள்ளினேன், போதவில்லை. அஞ்சு, போதவில்லை. ஏழு வைத்ததும் மூச்சு கொஞ்சம் சமமாக வந்தது. ஏழில் முதல் மீன் எட்ரிக். அதில் எனக்கு யோசனையே இல்லை, அவனுக்குப் பிறகுதான் மற்றவர்கள். கேப்டனை வைத்தேன், அவர் கடைசியில்தானே இறங்குவார் என்று எடுத்துவிட்டேன். பிலிப்பைன்ஸ் பையன் ஒருத்தன், எட்ரிக்கோடு போட்டோவில் நிற்பான், அவனை வைத்தேன். போட்டோவில் பார்த்த முகமெல்லாம் வைத்து முடித்து ஏழும் நிறைந்த பிறகுதான் கஸ்பாரின் ஞாபகம் வந்தது. ஒரு இடமும் மிச்சமில்லை. எட்டாவதாக ஒன்றைத் தள்ளியிருக்கலாம், விரலுக்கு என்ன கேடு. தள்ளவில்லை. எட்டானால் என் கணக்கில் எட்ரிக்கின் இடம் அசைந்துவிடும் என்று ஒரு பயம். இத்தனைக்கும் கஸ்பாரை அந்தக் கப்பலில் ஏற்றினதே எட்ரிக்தான். "அம்மா, எங்க குக் இறங்கப்போறாரு, கஸ்பாரண்ணனைச் சொல்லட்டுமா? நம்ம ஊர் மீன்குழம்பு கிடைக்கும்" என்றான். நானே போய் ராணியிடம் சொன்னேன், என்னவோ ராஜ உத்தியோகம் வாங்கிக் கொடுத்த மாதிரி. மீன் எல்லாவற்றையும் கலைத்துச் சட்டியில் கொட்டினேன். கையெல்லாம் செதிள், வெயில் பட்டு மின்னுகிறது. அதைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இவர் போன் செய்தார். "ஹில்டா, இங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான். டீ குடிங்க சார்ங்கிறான்." "குடிச்சீங்களா?" "குடிச்சேன்." "நல்லா இருந்துச்சா?" "வெச்சிடறேன்" என்றார். நான் ஏன் இப்படி? வாய் ஒரு நாய், பயந்தால் குரைக்கும். எட்ரிக் ஆறு வயதில் தொலைந்தபோதும் இப்படித்தான். பனிமயமாதா திருவிழா, தேர் நின்ற நேரம், கை விட்டுப்போயிற்று. இவர்தான் விட்டார் என்று கத்தினேன், விட்டது நான். மைக்கில் அறிவித்தார்கள், சில பிள்ளைகள் மேடைக்கருகே பத்திரமாக இருக்கிறார்கள், பெற்றோர் வந்து அழைத்துப் போகவும். சில பிள்ளைகள். எத்தனை என்று அப்போது தோன்றவேயில்லை, ஓட்டம்தான். கூட்டத்தைக் கையால் பிளந்து, செருப்பை விட்டு, மேடைக்குப் போனால் அஞ்சு பிள்ளைகள் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு ஐஸ். முதல் பிள்ளை இல்லை, ரெண்டாவது இல்லை, மூன்றாவது மஞ்சள் சட்டை, எட்ரிக்கும் மஞ்சள் சட்டை, ஆனால் அது எட்ரிக் இல்லை. அஞ்சும் பார்த்தாயிற்று. ஆறாவது நாற்காலியே இல்லை. எனக்குப் பக்கத்தில் வந்த ஒருத்தி அந்த மஞ்சள் சட்டையை வாரித் தூக்கி முத்தினாள், அழுதாள், சிரித்தாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு "கிடைச்சிட்டான், கிடைச்சிட்டான்" என்றாள். யாரென்றே தெரியாது எனக்கு. அவள் முகத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. சத்தியமாக. இந்தக் கையைத் தூக்கியும்விட்டேன். அரை மணி கழித்து எட்ரிக் ராட்டினத்துக்குப் பின்னால் தானாகவே நின்றுகொண்டிருந்தான், அது வேறு கதை. ஆனால் அந்த அரை மணி இன்னும் எனக்குள் முடியவில்லை. அந்த ஐஸ் சொட்டுவது, அந்த மைக்கின் கரகரப்பு, காலியாக இருந்த இடம். இன்றைக்குக் காலை எட்டு பத்துக்கு நேராக அதற்குள் போய் விழுந்தேன். பட்டியலில் எத்தனை பேர் இருந்தாலும் என்ன, இருபத்தோரு பேர் இருந்து அவன் இல்லாவிட்டால்? செவரல் பெரிதாக இருந்தால் நல்லது என்று காலையிலிருந்து வேண்டுகிறேனே, பெரிதாக இருந்து அவன் மட்டும் இல்லாமல் போனால் அதைவிடக் கொடுமை உண்டா? அப்படியானால் சின்னதாக இருந்து அவன் இருக்கட்டும். ரெண்டே பேர் இருக்கட்டும், அவன் இருந்தால் போதும். மாதாவே, நான் இதை நினைக்கவில்லை. நினைத்துவிட்டேன். கேட்டுவிட்டாயா?

ராணி உள்ளே வந்ததை நான் கவனிக்கவில்லை. பதினொன்று இருபது. தலையெல்லாம் வாரி, சேலை மாற்றியிருந்தாள். அந்தச் சேலை என் முக்கால்வாசியை நம்பிக் கட்டினது. "என்னக்கா, இன்னும் நெத்திலியே ஆயலையா? காலைல பாத்தப்போ இருந்த மேனிக்கே இருக்கு" என்று எதிரே பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "பாதித் தலைய உள்ளயே வச்சிருக்கீங்க. இங்கிலீஷ் படிச்ச கைக்கு நெத்திலி வராதுன்னு எங்க அவுக சொல்லுவாவ." "உங்க அவுகளுக்கு வேற வேலையில்ல" என்றேன், எப்போதும் சொல்கிற மாதிரி. அவள் கை படபடவென்று ஓடியது. பேசிக்கொண்டே இருந்தாள். கெபியில் மூன்று மெழுகுதிரி வைத்தாளாம், காற்றுக்கு அணையவேயில்லையாம். பள்ளிக்கூடத்துக்குப் போன மகளிடம் சாயங்காலம் அப்பா பேசுவார் என்று சொல்லி அனுப்பினாளாம். "ஏன் அப்படிச் சொன்ன?" என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "ஏன், பேச மாட்டாவளா? போனெல்லாம் நனைஞ்சிருக்கும்ல. அந்தக் கப்பல் போன்லருந்து பேசுவாவ." சமையல்காரனை எந்தக் கப்பலும் விட்டுவிடாது, காப்பாற்றினவனுக்கும் பசிக்கும்ல என்று சிரித்தாள். நான் இப்போது சொல்ல வேண்டும். இப்போது சொன்னால் பட்டியல் வருவதற்கு முன்னால் அவளுக்கு நாற்பது நிமிஷம் கிடைக்கும், கீழே இறங்கி வர. மேலேயிருந்து விழுவதற்கும் படியில் இறங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. ராணி, நான் காலையில் சொன்னது. இவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டால் மீதி தானாக வரும். "ராணி" என்றேன். "என்னக்கா?" உப்பு எடுத்துட்டு வா என்றேன். எழுந்து போய் எடுத்து வந்தாள். ஏற்கெனவே ஒரு உப்பு ஜாடி என் காலடியிலேயே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ரெண்டு ஜாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அப்போது எனக்குத் தோன்றியது, இவளுக்குத் தெரியுமோ? காலையிலிருந்தே தெரியுமோ? தெரிந்தும் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாளோ? சேலை மாற்றினது, தலை வாரினது, சிரிக்கிறது எல்லாம்? அவள் முகத்தைப் பார்த்தேன். மீனைப் பார்த்துக் குனிந்திருந்தாள். நடுவகிடு நேராக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை எனக்கு. பதினாறு வருஷமாகப் பின்வீட்டில் இருக்கிறாள், அவள் பயந்தால் எப்படி இருப்பாள் என்று நான் பார்த்ததில்லை.

பதினொன்று நாற்பத்தாறுக்குப் போன் துடித்தது. இவர் ஆபீசில் ஒட்டின காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டாமா, மனுஷன் ஒரு வார்த்தை? படம் இறங்குகிற வட்டம் சுற்றியது. மீன் கையால் திரையைத் தொட்டேன், வழுக்கியது, பாவாடையில் துடைத்துத் திரும்பவும் தொட்டேன். கோணலான படம், மேலே முத்திரை, கீழே வரிசை எண். நான் பெயர்களைப் பார்க்கவில்லை. எழுத்துகளையும் பார்க்கவில்லை. எட்ரிக் என்ற உருவத்தைத்தான் பார்த்தேன், இருபத்தாறு வருஷமாக நோட்டு அட்டையிலும் சான்றிதழிலும் எழுதின உருவம். ஆறாவது வரியில் இருந்தது. எனக்கு என்ன ஆனது என்று சொல்ல வராது. ஒரு பெரிய வெளிச்சம் மாதிரி. அதை உள்ளேயே பிடித்துக்கொண்டேன், வெளியே ஒரு துளி விடவில்லை, விடக்கூடாது. மேலிருந்து வாசித்தேன். கஸ்பார் இல்லை. கீழிருந்து வாசித்தேன். இல்லை. சீஃப் குக் என்ற பதவியையாவது தேடினேன், பெயரைத் தப்பாக அடித்திருப்பான்கள், இவன்களுக்கு நம் பெயர் எங்கே எழுத வரும். பதவியும் இல்லை. படத்தை இழுத்தேன், கீழே இன்னொரு வரி இருக்கும், மடிப்பில் மறைந்திருக்கும். கீழே அறிவிப்புப் பலகையின் மரம்தான் இருந்தது. "வந்துட்டாக்கா?" தலை தூக்காமல் கேட்டாள். ம் என்றேன். "எட்ரிக் தம்பி இருக்கா?" அவனைத்தான் முதலில் கேட்டாள். நான் ஏழு மீனில் அவள் புருஷனுக்கு இடம் வைக்கவில்லை. "இருக்கான்" என்றேன். "மாதாவே!" என்று இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தாள், சேலையில் செதிள் ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு, என் பிள்ளைக்காக. "பாத்தீங்களா, நான் சொன்னேம்லா. இனி எங்க அவுகளப் பாருங்க. மெதுவாப் பாருங்க, அவசரமில்ல. பதினாறு பேரு இருக்கும்ல, அதுல கீழ கிடப்பாவ."

"ஒம்பது பேர், ராணி."

"ஒரு தாளுலயா?"

"ஒரே தாள்தான். மொத்தமே ஒம்பது பேர்."

அவள் கை நிற்கவில்லை. ஒரு நெத்திலியை எடுத்தாள், தலையைக் கிள்ளினாள், குடலை இழுத்தாள், சட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். "அப்போ பதிமூணு பேரு தண்ணியில இருக்காவ" என்றாள். இருக்காவ என்றாள். என் போன் அடித்தது, இவர், எடுக்கவில்லை, அடித்து அடித்து நின்றது. "பெறவு முக்கால்வாசின்னு போட்டிருந்தானே, அந்தப் பய" என்றாள். கம்பெனிக்காரனைத் திட்டத் தொடங்கினாள். எழுதத் தெரியாதவன், அவன் கை விளங்காமப் போக, பொம்பளைங்க வயித்தெரிச்சல் சும்மா விடாது என்று. தலையாட்டினால் போதும். அவன் தலையில் விழுந்து தீர்ந்துபோகும், எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது, நாளைக்கும் அவள் போனை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவாள்.

"அவன் போடலை, ராணி. அவன் எழுதினதுக்கு அது அர்த்தமில்ல. எத்தனை பேருன்னு அவன் சொல்லவேயில்ல. முக்கால்வாசிங்கிறது நானாச் சொன்னது."

இப்போதுதான் தலையைத் தூக்கினாள். நான் காத்திருந்தேன். கையில் இருக்கிற மீனை என் முகத்தில் எறிவாள், பின்வீட்டுச் சுவர் அதிர வைவாள், உன் பிள்ளை இருக்கான்ல என்பாள், என்பாள் என்று காத்திருந்தேன். அத்தனைக்கும் என் நாக்கு தயாராக இருந்தது.

"எதுக்குக்கா?" என்றாள். திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், எப்போதும் காகிதத்தை நீட்டி என்னிடம் அர்த்தம் கேட்கிற அதே குரலில்.